வாசல் மரம் சற்றுத் தாமதமாகப் பூக்கும்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் நானும் என் மனைவியும் மகளும் வாசல் மரமும் சுகம். அவ்விடம் நீங்களும் அக்காவும் உங்கள் ஏ.சி. கடையும் அந்தக் கடையின் மெக்கானிக்கும் சுகமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். மெக்கானிக்கின் சுகத்தைத் தனியாக விசாரிக்கக் காரணம் உண்டு. குளிர்காலம் தொடங்கும்போது, "கிளம்பிட்டேன் சார், வழியிலதான் இருக்கேன்" என்று போனில் சொன்ன அந்த மனிதர், வெயில் கொளுத்தும் இந்த நாள்வரைக்கும் வழியிலேயேதான் இருக்கிறார். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ வண்டிகளின் தாமதத்தை இந்த வாயால் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு பருவத்தையே முழுங்கிவிட்டு வராமல் இருக்கும் வண்டியை நான் பார்த்ததில்லை. போனில் என் பெயரைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை என்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

முதல் விஷயம், மெஷின். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் மனைவி நடத்தும் பூக்கடைக்கு, உங்கள் வாக்கை நம்பி உங்கள் கடையில் வாங்கிய குளிர் அறை மெஷின் படுத்த படுக்கையாகிவிட்டது. "இது யானை மாதிரி மாப்பிள்ளை, நாம போனாலும் இது போகாது" என்று அதன் முதுகில் தட்டிக்கொண்டே நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. நாங்கள் இருக்கிறோம், யானை போய்விட்டது. பூ வைத்த அறையில் இப்போது துடைப்பம் வைத்திருக்கிறோம். வாசல் பக்கம் மாட்டிய அதன் அவுட்டோர் யூனிட்டில் ஒரு சிலந்தி குடிவந்து பிள்ளை குட்டியும் பெற்றுவிட்டது. என் மனைவி பக்கெட்டில் ஐஸ் போட்டு, அதற்குள் பூவை நிறுத்தி வியாபாரத்தை ஓட்டுகிறாள். நீங்கள் என் பக்கத்து உறவு என்பதால், ஐஸ் உடைக்கச் சுத்தியலை ஓங்கும் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓங்குகிறாள். மகளுக்கு மட்டும் இது தெரியாது. அவள் ஊரின் மறுகோடியில், வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். ஒரு தடவை, "என்னம்மா, மெஷின் சத்தமே காணோம்?" என்று கேட்டாள். "இன்னிக்குச் சரக்கு இல்ல, அணைச்சு வச்சிருக்கேன்" என்று என் மனைவி சமாளித்துவிட்டாள். உண்மை தெரிந்தால் மகள் நேரே உங்கள் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால் நியாயம் கேட்பாள், அக்காவுக்குச் சங்கடம் என்றுதான் மூடி மறைத்தோம். உங்கள் மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு கோபம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது. அதுதான் இரண்டாவது விஷயம், சொல்லப்போனால் அதற்காகத்தான் பேனாவையே எடுத்தேன்.

போன தடவை நீங்களும் அக்காவும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தபோது, மகளின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. ஞாபகம் இருக்காது உங்களுக்கு. சொன்னவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும், கேட்டவனுக்குத்தானே இருக்கும். "ஊர்ல இருக்கிற மரமெல்லாம் எப்ப பூக்குதுன்னு பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு ஒரு ஜன்னலும் ஒரு நாற்காலியும் போதுமே!" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். மகள் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த ஜன்னலும் நாற்காலியும் என் வயிற்றுக்குள்ளேயே கிடக்கின்றன. இன்றைக்கு எடுத்து வெளியே வைக்கிறேன். என் மகள் ஜெயித்துவிட்டாள், அத்தான்! எப்படி ஜெயித்தாள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அது சின்னப் பங்கும் அல்ல.

அவள் வேலை என்னவென்று உங்களுக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நகரத்தின் பூங்காத் துறையில் அவளுக்குத் தற்காலிக வேலை. ஊர் முழுக்க ஒரே சமயத்தில், ஒரே நாற்றங்காலிலிருந்து வந்த மஞ்சள் பூ மரங்களை நட்டிருக்கிறார்கள் அல்லவா, எங்கள் வாசலில் நிற்கிறதே அதே ஜாதி, அவற்றில் இவள், சூட்டைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும் சின்னச் சின்னத் தெர்மாமீட்டர் கட்டி வைத்திருக்கிறாள். எந்தத் தெரு எவ்வளவு சூடு, அந்தத் தெருவில் மரம் எப்போது பூக்கிறது, இதுதான் அவள் ஆராய்ச்சி. நடுவூரில் இருக்கும் மரங்கள் ஊர் எல்லையில் இருக்கும் மரங்களுக்கு எவ்வளவோ முன்னாலேயே பூத்துவிடுகின்றன. ஏன் என்று நான் கேட்டேன். "மரத்துக்கு என்னப்பா காலண்டரா இருக்கு? சூட்டை வச்சுத்தான் அதுக்குப் பருவம் தெரியும். நடுவூர்ல சுவர் சுடுது, தார் சுடுது, போதாததுக்கு ஒவ்வொரு ஏ.சி.யும் வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டை அள்ளிக் கொண்டுவந்து தெருவுல கொட்டுது. மரம் பாவம், காலம் வந்துடுச்சுன்னு நினைச்சுப் பூத்துடுது" என்றாள். பூத்தால் நல்லதுதானே என்றேன். "பூத்து என்ன பண்றது? தேனீ வரணுமே! அது வர்றதுக்கு நாள் இருக்கு. விருந்துக்குச் சமைச்சு, எல்லாம் ஆறிப்போய், பாத்திரம் கழுவினதுக்கு அப்புறம் விருந்தாளி வந்து நின்னா எப்படி இருக்கும்? அப்படித்தான்" என்றாள். நான் அசந்துபோனேன். இந்த மாதிரி விளக்கிச் சொல்ல நம் குடும்பத்தில் யாருக்கு வரும்? நீங்கள் யானை என்றீர்கள், அது படுத்துவிட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது, பூங்காத் துறையின் தலைமைப் பொறியாளர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். மோசமானவர் இல்லை, ஆனால் லேசில் நம்பாதவர். "நீங்க சொல்றதெல்லாம் கேட்க நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது சூட்டாலதான்னு எப்படி அடிச்சுச் சொல்றீங்க? மண்ணால இருக்கலாம், தண்ணியால இருக்கலாம். சரி, ஒண்ணு செய்யுங்க. இந்த வருஷம் ஊர்லயே முதல்ல எந்த மரம் பூக்கும்னு இப்பவே சொல்லுங்க. சொன்னபடி பூத்தா நான் நம்புறேன்" என்றாராம். பூத்தால் அவள் வேலை நிரந்தரம். அதோடு, ஏ.சி.யின் வெளிப்பெட்டியை இனிமேல் தெரு மரத்தைப் பார்த்து மாட்டக் கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்த விதியும் நடைமுறைக்கு வரும். பூக்காவிட்டால் தெர்மாமீட்டரையெல்லாம் கழற்றிவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். மகள் தெருவாரியாகச் சூட்டைக் குறித்து வைத்திருந்த தன் வரைபடத்தைப் பார்த்தாள். போன வருஷங்களில் ஊரிலேயே அதிகச் சூடு எங்கள் தெருவில், எங்கள் தெருவிலேயே அதிகச் சூடு எங்கள் வாசலில். முன்னெல்லாம் முதலில் பூத்ததும் எங்கள் மரம்தான். அதையே எழுதிக் கொடுத்துவிட்டாள். "அப்பா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

அத்தான், என்னிடம் ஒரு செய்தியைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றால் நான் என்ன செய்வேன்? வேலை பார்த்த காலமெல்லாம் செய்தி வந்தால் மைக்கை எடுத்தவன் நான். ஓய்வு பெற்றபோது பேருந்து நிலையத்தில் ஆசையாகக் கொடுத்த மைக்கும் பெட்டியும் மாடி வராந்தாவில் தயாராக இருக்கின்றன. "தெருவாசிகளின் கனிவான கவனத்திற்கு! இந்த ஆண்டு நகரத்திலேயே முதன்முதலாகப் பூக்கவிருக்கும் மரம், நம் தெருவில், பூக்கடை வாசலில் நிற்கிறது. கணித்துச் சொன்னவர் என் மகள். நன்றி" என்று அறிவித்துவிட்டேன். தெருவே வெளியே வந்து மரத்தைப் பார்த்தது. எதிர் வரிசையில் இருக்கும் பல் டாக்டர், நோயாளியின் வாயை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வாசலிலும் அதே மஞ்சள் பூ மரம் நிற்கிறது. "பார்க்கலாம் சார், யாருது முதல்லன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்களுக்குள் போட்டி. மகள் கேள்விப்பட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு அப்புறம்தான் நான் ஒரு காரியம் செய்தேன். குளிர்காலம் பாதி போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் மரத்தடியில் நின்று, பட்டையைத் தடவிப் பார்த்து, "பாவம்பா இது. எல்லார் சூட்டையும் வாங்கிக்கிட்டு வாயைத் திறக்காம நிக்குது" என்றாள். அவ்வளவுதான், எனக்கு மனசு கேட்கவில்லை. நம் வாசல் மரம், நம் பெண்ணின் வேலையைத் தன் தலையில் தாங்கி நிற்கிற மரம், அது சூட்டில் வேகிறது, நான் மேலே மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன் என்றால் நான் மனுஷனா? மறுநாளே காரியத்தில் இறங்கினேன். மகளுக்கு அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமையும் ஊர் முழுக்க மரம் பார்க்கும் வேலை, வீட்டுப் பக்கம் வரவே முடியவில்லை, போன் மட்டும்தான். அடிமரத்தைச் சுற்றிக் கோணிப்பையைக் கட்டி, காலையும் மாலையும் நனைத்தேன். சிமெண்டு போட்டு மூடியிருந்த மரத்தடியைக் கடப்பாரையால் பெயர்த்து, மண் தெரியவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றினேன். பின்னால் இருக்கும் சுவர் சுடுகிறதே என்று அதற்கு வெள்ளையடித்தேன். கடையின் பழைய வெயில் துணியை மூங்கிலில் கட்டி மரத்துக்கே பந்தல் போட்டேன். என் மனைவி வாசலுக்கு வந்து பார்த்தாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு ஈரத்துணி போட்டீங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். ஐஸ் உடையும் சத்தம் கேட்டது.

நீங்கள் வியாபாரி, இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை. சூட்டால்தான் மரம் சீக்கிரம் பூக்கிறது என்று மகள் சொன்னது ஒரு காதில் இருந்தது. மரத்துக்குச் சுடுகிறதே, பாவம் என்று அவள் சொன்னது மறு காதில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும் என்று நான் எங்கே கண்டேன்? மரம் முதலில் பூக்கவும் வேண்டும், அதற்குச் சுடவும் கூடாது, அப்பாவாக இருப்பவன் இரண்டையும்தானே ஆசைப்படுவான்.

குளிர் விடத் தொடங்கியது. தெருவில் ஒவ்வொரு மரமாகப் பூத்தது. பல் டாக்டரின் மரம்தான் முதலில் பூத்தது. சும்மா பூத்திருந்தால் பரவாயில்லை, ஒரு இலை தெரியாமல் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டு பூத்தது. அப்புறம் தெருமுனை மரம், அப்புறம் அதற்கு அடுத்தது. எங்கள் மரம் மட்டும் கோணியைக் கட்டிக்கொண்டு, பந்தலுக்குக் கீழே, மொட்டுக்கூட விடாமல் ஜம்மென்று நின்றது. பல் டாக்டர் தினமும் கடை வாசலில் வந்து மேலே பார்த்து, "என்ன சார், உங்க மரத்துக்கு இன்னும் பல் முளைக்கலையா?" என்பார். மகள் போன் பண்ணி, "அப்பா, பூத்துச்சா?" என்பாள். "வந்துக்கிட்டே இருக்கும்மா. நிலையத்துக்கு வெளியில நிக்குது, உள்ள நுழைய வேண்டியதுதான்" என்பேன். வேலையில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதானே. தெருவில் கேட்டவர்களுக்கும் மைக்கில் சொன்னேன்: "தவிர்க்க முடியாத காரணங்களால் வாசல் மரம் சற்றுத் தாமதமாகப் பூக்கும். தாமதத்துக்கு வருந்துகிறோம்." வண்டி தாமதமானால் டிரைவர் மேல் பழி போடலாம். இங்கே பிள்ளையின் பிழைப்பு அல்லவா போகப்போகிறது.

தலைமைப் பொறியாளரே தெருவுக்கு வந்து நேரில் பார்க்கப்போகிறார் என்று மகள் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் வரும் காலையில், விடிந்ததும் ஏணியை எடுத்தேன். கடைக்குள் போய் மஞ்சளாக இருக்கிற பூவையெல்லாம் வாரிக்கொண்டு வந்தேன். என் கெட்ட நேரம், அன்றைக்குக் கடையில் மஞ்சளாக இருந்தது சூரியகாந்தி மட்டும்தான். இருந்தால் என்ன, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு மஞ்சள் மஞ்சள்தானே என்று ஒவ்வொன்றாகக் கிளையில் கட்ட ஆரம்பித்தேன். என் மனைவி வெளியே வந்து, இடுப்பில் கையை வைத்துப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "கட்டுறதுதான் கட்டுறீங்க, ஒழுங்கா கட்டுங்க. எல்லாப் பூவும் பிணம் மாதிரி தொங்குது. தலையை நிமித்திக் கட்டணும்" என்று கம்பியும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு வந்து கீழே நின்று பூவை எடுத்துத் தந்தாள். பெண்ணைப் பெற்றவள் அல்லவா, அவளுக்கும் சோறு இறங்கியிருக்காது. நல்ல வேலைக்காரி, அத்தான். அவள் சொன்னபடி கட்டிய பூ ஒன்றுகூட அசையவில்லை. நான் முதலில் கட்டியதுதான் பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

நாங்கள் பாதி மரம்கூட முடிக்கவில்லை. கார் வந்து நின்றது. மகள் இறங்கினாள், பின்னாலேயே தலைமைப் பொறியாளர் இறங்கினார். நான் ஏணி உச்சியில், வாயில் கம்பியைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையிலும் சூரியகாந்தியோடு நிற்கிறேன். அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மரத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, நான் கட்டிய ஒரு பூ அவிழ்ந்து, தட்டு மாதிரி சுழன்று வந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, "இது என்ன இனம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"இது எங்க அப்பா இனம், சார்" என்றாள் மகள்.

அவள் குரல் உடைந்திருந்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அழுகையா, கோபமா, சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. "இறங்குங்கப்பா" என்றாள். இறங்கினேன். எதிரில் பல் டாக்டர், அவருடைய நோயாளிகள், தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்போதுதான் அவள் கண் அடிமரத்தில் இருந்த ஈரக்கோணியில் விழுந்தது.

"இது என்னப்பா?"

"கோணிம்மா."

"கோணின்னு தெரியுது. எதுக்கு நனைஞ்சிருக்கு?"

"நீதானே பாவம், சுடுதுன்னு சொன்னே. அதான்... குளிர்ச்சியா இருக்கட்டும்னு."

"இந்தப் பந்தல்?"

"அதுவும் அதுக்குத்தான்."

"சுவத்துக்கு வெள்ளையடிச்சது? சிமெண்டைப் பேத்தது?"

"எல்லாம் அதுக்குத்தாம்மா. எனக்கு வேற என்ன தெரியும்?" என்றேன். என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

அவள் ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். தெருவை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள், அத்தனை மரமும் பூத்திருக்கிறது, இது ஒன்று மட்டும் பூக்கவில்லை. திடீரென்று எழுந்து நின்றாள். "சார்! நீங்கதானே கேட்டீங்க, மண்ணா இருக்கலாம், தண்ணியா இருக்கலாம், சூட்டாலதான்னு எப்படிச் சொல்றேன்னு? இதோ பாருங்க. ஒரே தெரு. ஒரே நாற்று. ஒரே நாள்ல நட்டது. போன வருஷம் ஊருக்கே முன்னால பூத்த மரம் இது. இந்த வருஷம் சூட்டை எடுத்தாச்சு, பூக்கல. இப்படி ஒரு மரத்தைக் குளுமையா வச்சுப் பார்க்கணும்னு நான் ஆரம்பத்திலேயே கேட்டேன், ஆளும் இல்ல, அனுமதியும் இல்லன்னு சொன்னீங்க. எங்க அப்பா யாரையும் கேட்காம செஞ்சு வச்சிருக்காரு!" என்றாள்.

தலைமைப் பொறியாளர் சூரியகாந்தியைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "அப்ப இது எப்ப பூக்கும்?"

"ஊர் எல்லையில சூடு படாம நிக்குதே, அந்த மரங்க பூக்குறப்ப. அதுங்களோட சேர்ந்து."

"பூக்கலன்னா?"

"பூக்கலன்னா ஒவ்வொரு தெர்மாமீட்டரையும் நானே கழட்டிக் கொண்டுவந்து உங்க மேஜையில வச்சிடுறேன் சார்."

அத்தான், அவள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! முதுகை நிமிர்த்தி, அத்தனை பேர் முன்னால், ஒரு வார்த்தை தடுமாறாமல்! நான் மைக்கில் பேசியே காலத்தைக் கழித்தவன், எனக்கு அப்படி ஒரு குரல் வந்ததில்லை. அவர், "சரி, காத்திருக்கலாம்" என்றார். போகும்போது அந்தச் சூரியகாந்தியை என் மனைவியிடம் திருப்பிக் கொடுத்து, "கட்டினது நல்லா இருக்கு, இது மட்டும் சரியில்ல" என்றார். "அது அவர் கட்டினது" என்றாள் என் மனைவி.

அதற்குப் பிறகு காத்திருந்தோம். பல் டாக்டரின் மரம் பூத்துக் குலுங்கி, ஒரு ஈ எறும்புகூட எட்டிப் பார்க்காமல், அத்தனையும் உதிர்ந்து அவர் வாசலில் குப்பையாகக் கிடந்தது. நான் கோணியை நனைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலை, பாதி முகம் சவரம் செய்துகொண்டிருக்கிறேன், மகள் ஊர் எல்லையிலிருந்து போன் பண்ணினாள். மூச்சு வாங்குகிறது அவளுக்கு. "அப்பா, இங்க திறந்துடுச்சு! அங்க பாருங்க, சீக்கிரம்!" மறுபாதி முகத்தில் நுரையோடு கீழே ஓடினேன். பந்தல் துணியை விலக்கிப் பார்த்தேன். உச்சிக் கிளையில் ஒரு கொத்து. பக்கத்தில் இன்னொன்று. அதற்குக் கீழே வரிசையாக. சும்மா அல்ல, அத்தான். தேனீ! கொத்துக்குக் கொத்து தேனீ, சத்தம் எனக்குக் காது நிறையக் கேட்கிறது. போனை மேலே தூக்கிப் பிடித்து மகளையும் கேட்க வைத்தேன். மறுபக்கத்தில் அவள் அழுதாள். நானும் அழுதேன். என் மனைவி வந்து என் முகத்து நுரையைத் துடைத்துவிட்டு அவளும் அழுதாள். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை, இதற்குமேல் எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

மைக்கை எடுத்தேன். எடுக்காமல் இருப்பேனா? "தெருவாசிகளின் கனிவான கவனத்திற்கு! வாசல் மரம் பூத்துவிட்டது. இது தாமதம் அல்ல, இதுதான் சரியான நேரம். மற்ற மரங்களெல்லாம் நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பி, பயணிகளை விட்டுவிட்டுப் போன வண்டிகள். கணித்துச் சொன்னவர் என் மகள். நன்றி!" பல் டாக்டர் தெருவைத் தாண்டி வந்து, தேனீக்களைப் பார்த்து, "ஒத்துக்கறேன் சார்" என்று கையைக் கொடுத்தார். தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவள் வேலை நிரந்தரம், விதியும் வருகிறது. அவள் எழுதும் அறிக்கையில், வாசல் மரத்தைக் குளிர வைத்தவர் என்று என்னைத்தான் குறிப்பிடப்போகிறாள். இன்னும் சொல்லவில்லை, ஆனால் வேறு யாரைச் சொல்வாள்?

ஆகையால் அத்தான், நீங்கள் ஒரு நடை வர வேண்டும். வரும்போது எதுவும் கொண்டுவர வேண்டாம். மாடி ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் ஒரு நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து பாருங்கள், அதற்கு அந்த இரண்டும் போதுமா என்று அப்புறம் சொல்லுங்கள். இதையெல்லாம் கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம், கொஞ்சம் கோபத்திலும்தான் எழுதுகிறேன். மெக்கானிக்கை உடனே அனுப்பவும். இந்த வாரமும் வரவில்லை என்றால் என் மனைவி வேறு கடையில் வேறு மெஷின் வாங்கிவிடுவாள், பிறகு நம் உறவில் விரிசல் விழுந்தது என்று என்னைச் சொல்லக் கூடாது.

அக்காவுக்கு என் அன்பு. அவளுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். உங்கள் உடம்பும் வியாபாரமும் நம் வாசல் மரம் போல நேரத்துக்குத் தழைக்க வேண்டும் என்று விரும்பி, உங்கள் ஆசியை நாடும்,

உங்கள் மைத்துனன்,
(நிரந்தர வேலையில் இருக்கும் ஆராய்ச்சியாளரின் தகப்பன்)

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் வந்துவிட்டாள். மரத்திலிருந்த தெர்மாமீட்டரைக் கழற்றிக் கணினியில் மாட்டி, குளிர்காலம் முழுக்க அது குறித்து வைத்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க எப்ப கோணி கட்டினீங்க?" என்று கேட்டாள். குளிர்காலம் பாதி போன பிறகு என்றேன். "அதுக்கு ரொம்ப முன்னாலேயே சூடு சட்டுனு இறங்கியிருக்கே. ஒரே நாள்ல விழுந்திருக்கு. அன்னிக்கு இங்க என்ன நடந்துச்சு?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி ஐஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அன்றைக்குத்தான் உங்கள் யானை படுத்தது. அந்த அவுட்டோர் யூனிட் நேரே மரத்தைப் பார்த்துத்தான் மாட்டியிருந்தது. கடைக்குள் பூவெல்லாம் தூங்கட்டும் என்று ராப்பகலாக ஓடி, உள்ளே இருந்த சூட்டை வெளியே மரத்தின் மேல் ஊதிக்கொண்டிருந்தது அதுதான்.

மகள் என் தோளைத் தட்டி, "உங்க கோணியும் கொஞ்சம் உதவி பண்ணியிருக்குப்பா, இல்லன்னு சொல்லல. ஆனா பெரிய வேலை செஞ்சது மாமா கடை மெக்கானிக்தான்" என்றாள். வராமல் செய்த வேலை. அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் முதல் பெயராக உங்கள் கடைப் பெயரை என் கண் முன்னால் எழுதிவிட்டாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என் பெயர் இரண்டாவது.

மெக்கானிக்கை அனுப்ப வேண்டாம். மேலே இதற்கு நேர்மாறாக எழுதியதையெல்லாம் அடிக்க மனசு வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது, அப்படியே இருக்கட்டும். மெஷினை மாடிக்குக் கொண்டுபோய் வானத்தைப் பார்த்து மாட்டலாம் என்று மகள் சொல்லும் நாளில் சொல்லி அனுப்புகிறேன், அதுவரைக்கும் அந்த மனிதர் வழியிலேயே இருக்கட்டும். ஜன்னலும் நாற்காலியும் அப்படியேதான் இருக்கின்றன, வந்து உட்காருங்கள், இப்போது உங்களுக்கும் அதில் உரிமை வந்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் இந்த வாய் ஒரே ஒரு மாதிரிதான் சொல்லியிருக்கிறது. இன்றைக்கு முதல் தடவையாக மாற்றிச் சொல்கிறேன், அத்தான்: தாமதத்துக்கு நன்றி.